முப்பதுக்கு மேலே போகமாட்டேன்

மனைவியை ஏமாற்றுவதில்லை என்ற கொள்கை உடையவன் நான். அளவை மட்டும்தான் மாற்றினேன்.

"மணித்தியாலத்துக்கு நாற்பதுக்கு மேலை ஓடினால் மோட்டார் சைக்கிளை வித்துப்போடுவன்" என்று மீனாம்பிகை சட்டம் போட்டிருந்தாள். நாற்பது கிலோமீற்றர்! சண்டிலிப்பாயில் தோட்ட வரம்பில் நடக்கிறவனுக்கே அது பற்றாது. நல்ல காலம், வண்டியின் மீற்றர் செத்துப்போயிருந்தது. வல்வெட்டித்துறையில் இருக்கும் அவளுடைய தம்பி சிவதர்ஷன், தன் மீன்பிடி வள்ளத்தில் இருந்த பழைய ஜி.பி.எஸ். பெட்டியைக் கழற்றித் தந்தான். கடல் பெட்டி. வேகத்தை 'நொட்' கணக்கில் காட்டும். ஒரு நொட் என்றால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். பெட்டியை ஹாண்டிலில் கட்டி, ஓரத்தில் 'நொட்' என்று காட்டும் எழுத்தின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினேன்.

ஞாயிறு காலை அவளை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பறந்தேன்.

"என்னப்பா, காத்து உப்பிடி அடிக்குது?"

"எதிர்க்காத்து மீனா."

"சீலை நிக்குதில்லை!"

"பெட்டியைப் பார். எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டு."

"பிறகென்ன?"

உண்மையில் எழுபது. கல்யாணம் முடித்த நாள் முதல் நான் வென்றது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் பாட்டே வந்தது.

கோயிலில் அவள் குழைந்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. பெட்டி முப்பதுக்கு மேலை காட்டாது எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

முப்பது நொட் என்றால் ஐம்பத்தைந்து கிலோமீற்றர். நாற்பதைக் குறைத்து ஐம்பத்தைந்து! இப்படி ஒரு கழிவை எந்தக் கடையில் தருவார்கள்? கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். "ஒண்டு கூடினாலும் வண்டியை வித்துப்போடு!"

வெளியே வந்ததும் அவள் ஒட்டுநாடாவை உரித்துப் பெட்டியின் பொத்தான்களை அழுத்தினாள்.

"என்ன செய்யிறாய்?"

"நொட்டைக் கிலோமீற்றர் ஆக்கிறன். தம்பியின்ரை பெட்டியை எனக்குத் தெரியாதோ? நான் வள்ளம் ஓட்டின தண்டையலின்ரை மகள்."

கதையை மாற்றப் பார்த்தேன். "அதுசரி, கடலுக்கு மட்டும் ஏன் வேறை அளவு?"

"ரோட்டிலை கட்டை நட்டு அளக்கலாம். கடலிலை ஆர் நடுறது? பூமியின்ரை பாகை ஒண்டை அறுபதாப் பிரிச்சால் ஒரு பங்கு கடல்மைல். மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல் போனால் ஒரு நொட். ஏறுங்கோ."

ஊர்ந்தோம். முட்டைக்கோவா மூட்டை ஏற்றிய ட்ரக்ரர் ஒன்று எங்களை முந்தியது. சாரதி திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

"அண்ணை, பெற்றோல் முடிஞ்சுதோ?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கைபிடியைக் கொஞ்சமே கொஞ்சம் முறுக்கினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "முப்பத்தொண்டு. வீட்டை போனதும் வண்டியின்ரை திறப்பைத் தாங்கோ."