கோழி பிடிக்கத் தெரியாத கேட்ச்போல்

இங்கிலாந்தில் மார்பரி என்ற சிற்றூரில் கில்பர்ட் திரிப் என்பவர் கேட்ச்போல் உத்தியோகம் பார்த்தார். வரி கட்டாதவர்களைத் தேடிப் பிடித்துச் சிறையில் தள்ளுவது பணி. சம்பளம் சொற்பம், குடியிருக்க அரசாங்க வீடு உண்டு. பதினெட்டு வருஷமாக ஊரார் சாபத்தை வாங்கிக்கொண்டு மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

அந்த வருஷம் லண்டனில் பெரிய மனிதர்களுக்குச் சொல்லின் வேரைத் தோண்டும் பைத்தியம் பிடித்தது. வேட்டை நாய் வளர்த்தவர்கள் பண்டிதர் வளர்த்தார்கள். அதன் பலனாக, பெரிக்ரின் பிரபு என்ற விசாரணை அதிகாரி மார்பரிக்கு எழுந்தருளினார். கேட்ச்போல் என்றால் ஆதியில் கோழி துரத்துகிறவன் என்று அர்த்தமாம். வரிக்குப் பதில் கோழியைப் பறிமுதல் செய்த காலத்துப் பெயர். ஆகவே மேற்படி பதவி வகிப்பவர் மேற்படி தகுதியை நிரூபிக்கக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பாயிற்று.

"பிரபுவே, இத்தனை வருஷமா நான் மனுஷங்களைத்தான் பிடிச்சிருக்கேன்," என்றார் திரிப்.

"அதைத்தான் கேக்கறேன். யார் உத்தரவுல பிடிச்சீங்க?"

சந்தைத் திடலில் ஒரு சிவப்புக் கோழியை அவிழ்த்துவிட்டார்கள். பிடித்தால் பதவி, தவறினால் வீடும் போச்சு. பாவம் மனுஷன், அரசர் பெயரால் நில் என்றார். கோழி நிற்கவில்லை. பிடியாணையை வாசித்தார், அது எச்சமிட்டது. அப்புறம் துரத்தினார், சேற்றில் விழுந்தார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

ஜோன் ஹாப்ஸ் என்ற கைம்பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரிலேயே அதிக நாள் வரி ஏய்த்தவள் அவள்தான். "தள்ளுங்கண்ணே, கோழி செத்துடப் போவுது," என்று ஒரே எட்டில் அமுக்கினாள்.

பிரபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அவளை நியமித்தார். பொம்பளையா என்று யாரோ முணுமுணுத்ததற்கு, சொல்லின் வேரில் மீசை இல்லை என்றார். ஊரார் ஜோனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நம்ம ஆள் வந்தாச்சு, இனி வரியாவது கிரியாவது!

மறுநாள் மத்தியானத்துக்குள் பாதி ஊர் சிறையில் இருந்தது. திரிப்புக்கு அத்தனை வருஷமும் தட்டுப்படாத பரண், பீப்பாய், வைக்கோற்போர் எல்லாம் ஜோனுக்கு அத்துப்படி.

வேலை போன திரிப்பாலும் வரி கட்ட முடியவில்லை. ஆலைக்காரனின் காலி மாவுத் தொட்டிக்குள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார். மூடி திறந்தது.

"போன குளிர்காலத்துல இந்த மூடி மேல உக்காந்துதான் ரொட்டி தின்னீங்க, அண்ணே," என்றாள் ஜோன். "நான் உள்ள இருந்தேன். எந்திரிங்க."