பத்து நாள் தண்ணீர்

சொம்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பட்டாபிராமன் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். அடுக்களை வரை கேட்க வேண்டிய ஏப்பம்.

“குடிச்சாச்சா?” என்றாள் வேதா உள்ளிருந்து.

“ஆச்சு. தேவாமிர்தம்!”

“ஏழாவது நாள். இன்னும் மூணு இருக்கு.”

பந்தயம் அவள் வைத்தது. வண்டலூர் பக்கத்து எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றில் பட்டாபிராமன் லேப் உதவியாளர். அங்கே ஒரு பேராசிரியர் பிளாஸ்டிக் கரைசலை மின்சாரத்தால் இழுத்து நூலாக்கிக்கொண்டிருந்தார். ஒரு தலைமுடியை நூறாக வகிர்ந்தாலும் அதைவிட மெல்லிய நூல். நானோ இழை. அதில் செய்த துணிக்குள் தண்ணீர் நுழையும், கிருமி நுழையாது. அப்பளம் மாதிரி ஒரு வட்டத்தைப் பட்டாபிராமன் கேட்டு வாங்கிவந்தார். மேலே கரித்தூள், கீழே டிரம். வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீர் அதன் வழியே நாளெல்லாம் சொட்டிச் சொட்டிக் கண்ணாடி மாதிரி இறங்கியது. பேராசிரியர் சோதித்து, ‘குடிக்கலாம்’ என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

“இனி இந்த ஆத்துல கேன் தண்ணி கிடையாது!” என்று அன்றே சபதம் செய்தார்.

“நன்னாருக்கே. பத்து நாள் நீங்க குடிங்கோ. வயிறு ஒழுங்கா இருந்தா நானும் குடிக்கறேன். அதுவரைக்கும் கேன் அடுக்களைலதான்.”

பத்தாவது நாள் ஞாயிறு. எதிர்வீட்டு ஜெபராஜ், குடியிருப்போர் சங்கச் செயலாளர், பார்வையிட வருகிறார். அவர் தலையசைத்தால் செம்பாக்கத்தின் அந்த இருபத்துநாலு வீட்டுக்கும் இதே ஏற்பாடு. பட்டாபிராமன் பேச எழுந்தாலே மின்விசிறியை அண்ணாந்து பார்க்கும் சங்கம், இனி அவரைப் பார்க்கும்.

ஒரே ஒரு சிக்கல். அந்த மெஷினுக்குள் என்ன போகிறது என்று அவருக்குத் தெரியும். அவருடைய சாக்ஸ். தாம்பரம் ஸ்டேஷன் நெரிசலில் மிதிபட்டு, எட்டு மணி நேரம் லேபில் நின்று புழுங்கி வீடு திரும்புகிற சாக்ஸ். கிருமியே தாண்டாத துணியை அந்த நினைப்பு மட்டும் சுலபமாகத் தாண்டி வந்தது.

ஆகவே சொம்பு செடிக்கு. வேதா குளிக்கப் போனதும், ஸ்டாண்டில் கிடந்த கேனை ஓசைப்படாமல் சாய்த்து, நின்றபடியே மூன்று டம்ளர். பட்டாபிராமன் தெம்பாக இருந்தார். செடியும்தான்.

ஞாயிறு காலை ஜெபராஜ் மனைவி பேபியோடு வந்தார். டிரம்மைச் சுற்றிப் பார்த்தார்.

“நானோன்னா அந்தச் சின்ன காருன்னுல்ல சார் நெனச்சேன்!”

“அது ஓடும். இது சொட்டும்.”

“நெஜமாவே குடிக்கிறீங்களா?”

“பத்து நாளா இதேதான். என் முகத்தைப் பாருங்க!”

ஜெபராஜ் பார்த்தார். பேபிக்கு ஏனோ இருமல் வந்தது.

“அப்ப எங்க முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சிடுங்க சார். மினிட்ஸ்ல எழுதிடறேன்.”

கேட்டு முடிப்பதற்குள் வேதா டிரம்மிலிருந்து மொண்டுகொண்டு வந்துவிட்டாள். வீட்டிலேயே பெரிய டம்ளர். தளும்பத் தளும்ப.

பட்டாபிராமன் கண்ணை மூடினார். ஒரே மடக்கு. முதலில் சோப்பு தெரிந்தது. அப்புறம் சந்தேகமில்லாமல் சாக்ஸ். அதுவும் இடது கால்.

“பிரமாதம்,” என்றார், கண்ணில் நீர் கோக்க. “ஒரு நிமிஷம், பேனா எடுத்துண்டு வரேன்.”

அடுக்களைக்கு ஓடினார். கேனைச் சாய்த்தார். ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர்.

“அப்பாடா! தண்ணின்னா இதுன்னா தண்ணி!”

“அப்படியா?” என்றாள் வேதா. நிலைப்படியில் அவள். அவள் தோளுக்குப் பின்னால் ஜெபராஜ், பேபி.

“பேனா...”

“உங்க பாக்கெட்லயே இருக்கு. ஏண்ணா, அந்தக் கேன்ல இருக்கறதுதான் உங்க டிரம் தண்ணி.”

“அப்போ டிரம்ல?”

“கேன் தண்ணி. நீங்க காலேஜ் போனதும் தினம் மாத்திடுவேன்.”

“சோப்பு வாசனை அடிச்சுதே!”

“கேன் கம்பெனிகாராளைக் கேளுங்கோ. முதல் நாளே உங்க ஏப்பத்துக்கு முன்னாடி தொட்டில சலசலன்னு கேட்டுடுத்து. செடிக்கா பந்தயம் வச்சேன்? ரெண்டு நாள் நானே உங்க தண்ணியைக் குடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. மூணாம் நாள்லேர்ந்து உங்களுக்கு.”

“இந்த ஆத்துக்குப் புதுக் கேனே வரலையேடி!”

“எங்க பால்கனில இருக்கு சார்,” என்றார் ஜெபராஜ், கொஞ்சம் கூச்சத்துடன். “நான்தான் தூக்கியாந்து குடுப்பேன்.”

“உங்க வீட்டுக் கறிவேப்பிலை எனக்கும் வேணும் அக்கா,” என்றாள் பேபி. “கேன் தண்ணி குடிச்சு வளந்ததாச்சே!”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. வேதாவாலும். ஜெபராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டாபிராமன் டம்ளரையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பாஸ் சார்!” ஜெபராஜ் நோட்டைப் பிரித்தார். “எட்டு நாள் தெரியாம குடிச்சு இப்படி இருக்கீங்க. இதுக்கு மேல என்ன ருசு? அந்தப் பேனாவைக் குடுங்க. சோதனை செய்தவர்... திருமதி வேதா.”

“நான்?” என்றார் பட்டாபிராமன்.

“உங்க பேர் இல்லாமலா? சோதனைக்கு உட்பட்டவர், பட்டாபிராமன்.”

திங்கட்கிழமை மாலை, வேதா டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுக் காபிக்கு அடுப்பை மூட்டினாள். அப்போதுதான் வீடு திரும்பிய பட்டாபிராமன் சாக்ஸைக் கழற்றினார். மெஷினைத் தாண்டிப் போய், குளியலறை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, இரண்டையும் தனித்தனியாகத் துவைத்தார்.