அறுபது கிலோ விதையும் ஒன்பது வீட்டு நாற்றும்

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: "நெல், தேங்கி நிற்கும் நீரில் வளரும் பயிர்." அந்த வாக்கியத்தை நம்பி அறுபது கிலோ விதைநெல்லை நான்கே நாளில் அழுக வைத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கிவிட்டார். கும்பகோணத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் எங்கள் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், அதுவரை அவர் பொறுப்பில் இருந்தது. புறப்படும்போது சொன்னார்: "அப்பா காலத்துலேருந்து நம்ம வயல் ஒரு சம்பாகூட தரிசா கெடந்ததில்லடா. பேசாம குத்தகைக்கு விட்டுடலாமா?"

"நான் பாத்துக்கறேன்ணே."

"நீயா?"

அந்த 'நீயா'தான் என்னைக் கெடுத்தது. எனக்கு என்ன தெரியாது? தன்னிறைவு வேளாண்மை, தீவிர வேளாண்மை, வணிக வேளாண்மை, தோட்டப் பயிர் என்று வகை வகையாகப் பிரித்து எழுதத் தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் காய்கறி, அதைத் தாண்டி தானியம், அதற்கும் அப்பால் மேய்ச்சல் என்று வட்டம் வட்டமாகப் படம் போடத் தெரியும். தெரியாதது வயல் மட்டும்தான். (வரப்பில் நடந்த தடவைகளைக்கூட எண்ணி வைத்திருந்தேன்: பதினொன்று. அதில் இரண்டு முறை விழுந்தேன்.)

ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் விதையை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி முளைகட்ட வைத்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. பக்கத்து வயல் கோவிந்தராசுதான் நாற்றங்காலைச் சேறடித்துப் பதப்படுத்திக் கொடுத்து, முளைவிதையையும் தன் கையால் தெளித்தான். கோவிந்தராசு என் பழைய மாணவன். அரைப்பரீட்சையில் பூகோளத்தில் முப்பத்தொன்று வாங்கியவன். பாஸாக்க வேண்டிய அந்த நான்கு மார்க்கை நான் போடவில்லை என்ற வருத்தம் அவனுக்கு இருந்ததோ என்னவோ, எனக்கு இருந்தது.

"சார், நாளைக்கு சாயங்காலம் தண்ணிய வடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறினான்.

நான் சிரித்துக்கொண்டேன். முப்பத்தொன்று வாங்கியவன் சொல்கிறான், நெல்லுக்குத் தண்ணீரை வடிக்க வேண்டுமாம். மறுநாள் மாலை வடிப்பதற்குப் பதில் மடையைத் திறந்து இன்னும் கொஞ்சம் விட்டேன். ஸ்கேலைச் சேற்றில் ஊன்றிப் பார்த்தேன்: பத்து சென்டிமீட்டர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளந்து நோட்டில் எழுதினேன். ஒன்பதரைக்கு இறங்கினால் உடனே மடையைத் திறந்து பத்தாக்கினேன். நான்கு நாளில் எட்டு அளவுகள். இவ்வளவு கவனமாக நாற்றங்காலை எந்த விவசாயியும் மூழ்கடித்திருக்க மாட்டான்.

ஐந்தாம் நாள் காலை நாற்றம் வந்தது. நாற்று வரவில்லை. முளைத்த விதைக்கு மூச்சுவிட இடம் வேண்டும், வேர் பிடிக்கும்வரை சேறு ஈரமாக இருந்தால் போதும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாதி விதை அழுகிவிட்டது. மிதந்த பாதியைத் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு போய் வடகிழக்கு மூலையில் குவித்திருந்தது. பருவக்காற்றைப் பற்றி நான் நடத்திய பாடம் மட்டும் இம்மியளவும் பிசகவில்லை.

மறுபடி விதைக்கலாம் என்றால், நல்ல விதை தேடிப் பிடித்து, முளைகட்டி, நாற்று வளர்ந்து நடவுக்கு வர ஒன்றரை மாதம் ஆகிவிடும். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். இளநாற்று தண்ணீரில் போகும். ஆக, வயல் தரிசு. அப்பா காலத்திலிருந்து கிடக்காத தரிசு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. செண்பகத்திடம்கூடச் சொல்லவில்லை. (செண்பகம் என் மனைவி. நான் சட்டையில் கொண்டுவந்த வாடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.)

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தார். "நாத்தங்கால காட்டுடா, பாப்போம்."

வரப்பில் நின்றபடி போனைத் திருப்பி, பச்சைப் பாய் விரித்ததுபோல் நின்ற கோவிந்தராசுவின் நாற்றங்காலைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"பயிர் நல்லாருக்கு."

"ஆமாண்ணே."

"இது கோவிந்தராசு நாத்தங்கால்டா. ஓரத்துல அவன் மோட்டார் கொட்டாய் தெரியுது பாரு. நம்மளது எங்க?"

பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பையன்களை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். பதினேழு பேர். அவர்கள் அத்தனை பேரும் அந்த வரப்பில் வந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. "சரி, விடு" என்று போனை வைத்துவிட்டார்.

வைத்தவர் அடுத்த போனைக் கோவிந்தராசுவுக்குப் போட்டிருக்கிறார். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் கோவிந்தராசுவும் பவுனம்மாளும் நின்றிருந்தார்கள். பவுனம்மாள் நடவு ஆட்களின் தலைவி. இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊரில் பெரும்பாலான வயல்களை நடுபவள்.

"ஏன் சார், நான் சாயங்காலம் வடிங்கன்னு சொன்னேன்ல?" என்றான் கோவிந்தராசு.

"புஸ்தகத்துல தேங்கி நிற்கும் நீர்னு..."

"அந்தக் கேள்விக்கு நானும் அதத்தான் எழுதுனேன். முழு மார்க்கு போட்டீங்க. அப்பவே சந்தேகப்பட்ருக்கணும்."

செண்பகம் உள்ளே சிரித்தது வாசல்வரை கேட்டது. பவுனம்மாள் சிரிக்கவில்லை. "வயலு உழுதுதான கெடக்கு? அப்படியே சேறடிச்சு வைங்க சார். நட்டு முடிஞ்சா எல்லா வயல்லயும் நாலு முடி மிஞ்சும். வீணாத்தான் போவுது. நான் கொண்டாந்து நட்டுத் தர்றேன்" என்றாள்.

பறித்த நாற்றைக் கைப்பிடி கைப்பிடியாகக் கட்டுவதுதான் முடி. நடவு முடிந்த வயலில் மிஞ்சும் முடிகளை, நாற்று பற்றாதவர்கள் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். புரட்டாசி முழுவதும் அப்படி வந்தது. ஒரு நாள் சைக்கிளில் முப்பது முடி. ஒரு நாள் டிராக்டர் பெட்டியில் நூற்றுப் பத்து. நான் வரப்பில் நின்று எண்ணினேன். ஒன்பது வீடு, ஐந்நூற்று எண்பத்தேழு முடி. ஆறு மாவும் நிரம்பியது.

எண்ணுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கணக்கு இடித்தால் தூக்கம் வராது. மிச்சம் என்றால் பத்து இருக்கும், இருபது இருக்கும். ஒன்பது வீட்டில் ஐந்நூற்று எண்பத்தேழு எப்படி மிஞ்சும்? கோவிந்தராசு இல்லாத நேரம் பார்த்து அவன் வயலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு போட்டு நாற்றுக் குத்துகளை எண்ணினேன். முப்பத்துமூன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு. அடுத்த வயலில் இருபத்தேழு. அதற்கடுத்ததிலும் இருபத்தாறு. பவுனம்மாள் ஒன்பது வயலிலும் கலக்க, அதாவது இடைவெளி கூட்டி, நட்டு எனக்காக மிச்சம் பண்ணியிருக்கிறாள். ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கோவிந்தராசுவிடம் கேட்டேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கலக்க நட்டா தூர் நல்லா கட்டும் சார். அது ஒங்க பாடத்துல இல்லயா?" என்றான்.

இல்லை. என் பாடத்தில் அது இல்லை.

பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒன்பது வீட்டு நாற்று என்றால் ஒரே ரகமாகவா இருக்கும்? வெள்ளைப் பொன்னி ஒரு பக்கம், சீரகச் சம்பா ஒரு பக்கம், நடுவில் மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரத்துக்கு. எது எந்த ரகம் என்று மறக்காமல் இருக்க ஒன்பது குச்சி நட்டு மையால் எண் எழுதினேன். (ஐப்பசி மழையில் மை என்ன ஆகும் என்று யோசிக்காதவனும் நான்தான்.) ஒரு பக்கம் பழுத்துச் சாய்ந்தபோது இன்னொரு பக்கம் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அறுவடை மெஷின்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இது வயலா, இல்ல கண்காட்சியா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆள் வைத்து நான்கு தவணையாகக் கையால் அறுத்தோம். களத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

கலப்பு நெல்லைக் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினோம். செண்பகம் பொங்கினாள். ஒரு அரிசி குழைந்தது, ஒரு அரிசி விறைத்து நின்றது, ஒரு அரிசி சிவப்பாக எட்டிப் பார்த்தது. சாப்பிட வந்த கோவிந்தராசு ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டான்: "வெளஞ்சத விக்காம வீட்டுலயே வச்சு சாப்புட்டா அதுக்கு என்னமோ பேரு சொல்வீங்களே சார், ரெண்டு மார்க் கேள்வி?"

"தன்னிறைவு வேளாண்மை."

"அதான். அப்ப எழுதாம விட்டுட்டேன்."

அந்தச் சோற்றை ஒன்றரை வருடம் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோற்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

இப்போது ஆறு வருடம் ஆகிவிட்டது. வயல் ஒரு சம்பாகூடத் தரிசாகக் கிடக்கவில்லை. ஆனால் நான் தட்டில் ரசத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக்கொண்டால் செண்பகம், "சாயங்காலம் வடிச்சுடுங்க" என்பாள். பேத்திகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். ஆவணியில் நான் விதை தெளித்த மறுநாள் மாலை ஒன்பது வீட்டிலிருந்தும் பவுனம்மாளிடமிருந்தும் போன் வரும்: "சார், தண்ணிய வடிச்சாச்சா?" சிங்கப்பூரிலிருந்து பதினொன்றாவது. பதினொன்றையும் எண்ணி முடித்த பிறகுதான் மண்வெட்டியை எடுப்பேன்.

இந்த வருடம் பத்துதான் வந்தது. பவுனம்மாள் போன் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று, ஆறாயிற்று. உடம்புக்கு ஏதாவதா, ஏதும் கோபமா என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஏங்க, இன்னொரு தடவ அழுக விடப்போறீங்களா?" என்று செண்பகம் விரட்டிய பிறகு மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினேன்.

வரப்பை வெட்டிவிட்டு, வடிகிற தண்ணீரைப் பார்த்தபடி பவுனம்மாள் நின்றிருந்தாள்.

"போன் பண்ணலயே நீ?" என்றேன்.

"போன்ல பேட்டரி இல்ல. நான் கூப்புடலன்னா நீங்க எண்ணிக்கிட்டே நிப்பீங்கன்னு தெரியும் சார். அதான் நானே வந்துட்டேன்."