ராணியைக் கூட்டிவரப் போன மொபெட்

வண்டியைத் துடைப்பது வேறு, வண்டியைப் பராமரிப்பது வேறு. இந்தச் சின்ன விஷயம் இருபத்துநான்கு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலிருந்ததில் பெரிய வெட்கமில்லை. தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் இன்றும் சாப்பாடு பாதியில் நின்றுவிடுகிறது.

அப்போது நான் கண்டியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். (நாள் முழுக்க ஆணியும் நட்டும் ஸ்பானரும் விற்கிற கடை. என்னிடம் ஒரு ஸ்பானர்கூட இருக்கவில்லை.) பிலிமத்தலாவையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன்னுடைய மொபெட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போய் வாங்கி வந்தேன். மிதி கட்டைகளோடு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே பிறந்த சிவப்பு நிறப் பிராணி. அதை நான் கவனித்துக்கொண்டதுபோல் எந்தத் தாயும் தன் பிள்ளையைக் கவனித்திருக்க மாட்டாள். காலையில் ஒரு துடைப்பு, மாலையில் ஒரு துடைப்பு. சக்கரக் கம்பிகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். கண்ணாடிகளுக்கு மட்டும் தனித் துணி.

வண்டியோடு ஒரு கையேடும் வந்தது. அட்டைப் படத்தை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டு, ப்ளக்கை எப்போது கழற்றிச் சுத்தம் செய்வது, கேபிளை எப்போது மாற்றுவது என்றெல்லாம் எழுதியிருந்த மீதிப் பக்கங்களை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அவற்றை அலுமாரித் தட்டில் விரித்து மேலே துணிகளை அடுக்கினார்.

பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுகிற வண்டி அது. லீட்டருக்கு ஒரு மூடி எண்ணெய் என்று கணக்கு. நான் இரண்டு மூடி ஊற்றுவேன். நல்லதை எதற்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் பெருந்தன்மை. முன் ப்ரேக் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கியதால் அதைத் தளர்த்தி வைத்திருந்தேன். சத்தம் கம்பீரமாயிருக்கட்டும் என்று சைலன்சருக்குள் இருந்த தகட்டையும் கழற்றி எறிந்திருந்தேன். முல்கம்பொலையில் எங்கள் வீட்டுச் சந்தில் நான் திரும்பும்போதே பத்து வீட்டுக்கு என் வருகை தெரிந்துவிடும்.

அந்தச் சத்தத்தை முதலில் திட்டியவர் ராமையா மாமா. அம்மாவின் அண்ணன், அடுத்த வீடு. நகரசபையில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர்.

"வர்றது மாப்ளயா, ரைஸ் மில்லான்னு தெரியல்ல," என்பார். ஒருநாள் பின் ப்ரேக் கேபிளைக் குனிந்து பார்த்து, "நூல் நூலா வருதே மாப்ள. மாத்திரு," என்றார். நான் மாற்றினேன். கேபிளை அல்ல, அது பிய்ந்த இடம் தெரியாமலிருக்க, சுற்றியிருந்த கறுப்பு டேப்பை எடுத்துவிட்டுச் சிவப்பு டேப் ஒட்டினேன். வண்டி நிறத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

மாமா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது வெறும் முறைக்காக மட்டுமல்ல. அவருடைய ஒரே மகள் ராணியை எனக்குத்தான் கொடுப்பதாக இருந்தார். ராணிக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை. "அந்த மச்சானுக்குக் கண்ணாடியோட ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு அத்த," என்று என் அம்மாவிடமே சொல்லிவிட்டு, கனகராஜ் என்ற லொறிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு அலவத்துகொடவுக்குப் போய்விட்டாள். மாமா அதன்பிறகு மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. என்னிடம் மட்டும், நான்தான் ஏதோ இழந்துவிட்டவன்போல, கூடுதல் பிரியமாக இருந்தார். எனக்கு உள்ளூர ஆறவேயில்லை. என்னைவிட ஒரு லொறியா என்று.

அந்த மூன்றாவது வருடம் மாமாவுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை, பதினொரு மணிபோல், அம்மா கடைக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். முகம் வெளிறியிருந்தது.

"ராணியக் கேக்குறாருடா. காலையிலருந்து அதே பேச்சு. டாக்டர் ஒண்ணும் நல்லதா சொல்லல்ல. பஸ்ஸுல போய்க் கூட்டியாறதுன்னா பொழுது போயிரும். ஒன் வண்டி இருக்கில்ல?"

என் வண்டியால் ஒரு உபயோகம் இருக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளியிடம் சொல்லிவிட்டு உடனே புறப்பட்டேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை வரவில்லை. அலவத்துகொடவுக்குக் கட்டுகஸ்தோட்டை வழியாக, வடக்கே போக வேண்டும். நான் தெற்கே, வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்துக்குப் பிறகு ராணி என்னைப் பார்க்கப்போகிறாள். கடையில் போட்டிருந்த சட்டையில் கிரீஸ் கறை. அதை மாற்றி, நீலக் கோடு போட்ட புதுச் சட்டையைப் போட்டேன். தலை வாரினேன். வண்டியில் தூசி இருந்தது, அதையும் துடைத்தேன். பெட்ரோல் தாங்கியைத் திறந்து, தூரப் பயணமாயிற்றே என்று இன்னொரு மூடி எண்ணெயும் ஊற்றினேன். ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டேன், முடி கலைந்துவிடும் என்று. எல்லாவற்றுக்கும் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

போகும்போது வண்டி நன்றாகவே ஓடியது. பின்னால் வெள்ளைப் புகை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எனக்குப் பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு கையசைத்தேன்.

ராணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என் சட்டையைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கா?"

"ஒன்னயக் கேக்குறாரு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "என்னயவா? பேரு சொல்லியா கேட்டாரு?"

"பேரு சொல்லித்தான். காலையிலருந்து."

அவள் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சேலைகூட மாற்றாமல் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். புறப்பட அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. அப்போதுதான் என் அரை மணித்தியாலம் எனக்கு முதன்முதலாக உறைத்தது.

அக்குறணைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் வண்டி இருமியது. பிறகு விக்கியது. பிறகு நின்றுவிட்டது. நான் கீழே இறங்கி, தெரிந்தவன்போல என்ஜினைச் சுற்றிவந்து பார்த்தேன். (எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாததால் எல்லா இடத்தையும் பார்த்தேன்.) வண்டியோடு வந்த ப்ளக் ஸ்பானர் ஆசனத்துக்கடியில் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சீப்பும் துடைக்கும் துணியும் இருந்தன.

மிதித்துப் பார்த்தேன். மிதிகட்டை இருப்பதால் சைக்கிள்போல ஓட்டலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அது சமதரையில். அந்த ஏற்றத்தில் நான் முழு உடம்பையும் போட்டு மிதித்தும், பக்கத்தில் நடந்துவந்த ராணி என்னை முந்திவிட்டாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பி நின்று, "மச்சான், நான் முன்னுக்கு நடக்கவா?" என்றாள். அதில் கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. எங்களைக் கடந்து ஒரு பஸ் கண்டிப் பக்கம் போனது. ஏறிவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். என் வண்டி சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அக்குறணையில் ஒரு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. அங்கிருந்த முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், ப்ளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது ப்ளக்கில்ல மவன், கரிக்கட்ட. எண்ண எவ்வளவு ஊத்துறீங்க?"

சொன்னேன்.

"ரெண்டு மடங்கு எண்ண ஊத்தினா வண்டி ரெண்டு மடங்கு ஓடுமா? பாவம், மூச்சுத் திணறிப் போயிருக்கு." கம்பி பிரஷால் கரியைச் சுரண்டி, துடைத்து, மாட்டினார். வண்டி கிளம்பியது. எழும்பும்போது பின் ப்ரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். சிவப்பு டேப்பை நகத்தால் உரித்தார். "மவன், இது ரெண்டு நூல்லதான் ஈக்கிது. முன் ப்ரேக்கும் இல்லயே. பத்து நிமிஷம் நில்லுங்க, கேபிள் ஒண்டு போட்டுத் தாறேன். பின்னால ஆளும் ஈக்கிறாங்க."

நான் ராணியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரமில்ல நானா," என்றேன். அந்த நாள் முழுவதிலும் நான் நேரத்தை நினைத்தது அந்த ஒரு தடவைதான். அதையும் தப்பான இடத்தில் நினைத்தேன்.

கட்டுகஸ்தோட்டைக்கு முந்தைய இறக்கத்தில் முன்னால் ஒரு லொறி வேகம் குறைத்தது. நான் ப்ரேக்கை மிதித்தேன். கால் எதையும் தொடாமல் அடிவரை போனது. முன் ப்ரேக் கைப்பிடியை இழுத்தேன். அது கைப்பிடிக் கம்பியில் வந்து ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் இடதுபக்கம் திருப்பினேன். அங்கே யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் இருந்தது. வண்டி மணலில் குத்தி நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

வாய்க்குள் மணல், காதுக்குள் மணல், புதுச் சட்டைக்குள் மணல். ராணி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள். முழங்காலில் ரத்தம் சேலைக்கு மேலே தெரிந்தது. வண்டியின் முன்சக்கரம் வளைந்து மணலில் புதைந்திருந்தது, பின்சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு அடி பட்டிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. வண்டியப் பூட்டணும்," என்றேன்.

சத்தியமாக அதைத்தான் சொன்னேன். சாவியைத் தேடி மணலைக் கிளறவும் செய்தேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வண்டிய வுடுங்க மச்சான். பஸ்ஸு வருது."

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ராணி நொண்டிய காலைத் தரையில் ஊன்றாமல் நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். அவள் உதடு அசைந்துகொண்டேயிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். உன்னிப்பாகக் கேட்டபோது, அப்பாவிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டு வராந்தாவின் கடைசியில் அம்மா மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எங்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ராணியின் நடை அங்கேயே நின்றுவிட்டது.

"எப்ப அத்த?"

"இப்பதாம்மா. ஒரு கால் மணி நேரம்."

கால் மணி நேரம். அரை மணித்தியாலத்தில் பாதி. அந்தக் கணக்கு அந்த இடத்திலேயே எனக்குப் போடத் தெரிந்துவிட்டது. ராணி உள்ளே போய் அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றையும் அவள் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. நான் சட்டையிலிருந்து மணல் உதிர உதிரக் கதவோரம் நின்றேன். வார்டு வேலையாட்களை மேய்க்கிற கங்காணி ஒருவர் வந்து, தரையைக் காட்டி, வெளியே போய் உதறிவிட்டு வரச் சொன்னார். போய் உதறிவிட்டு வந்தேன்.

கருமாதியன்று, சாப்பாடு முடிந்து வீடு காலியானபின், அம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "ஜன்னலுக்கு வெளிய ரோடு. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் போறப்பவும் தலையத் தூக்கிக் கேப்பாரு. 'இது மாப்ள வண்டி இல்ல'ன்னு திரும்பப் படுத்துக்குவாரு. ஒன் வண்டிச் சத்தம் அவருக்கு நல்லாத் தெரியுமேடா."

ராணி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அலவத்துகொடவுக்குப் போனேன். கனகராஜ் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எங்களைப் பேசவிட்டு வெளியே போனான். (லொறிக்காரன்தான். என்னைவிட எவ்வளவு பெரிய மனுஷன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.) நான் நேராக வீட்டுக்குப் போனதை, சட்டை மாற்றியதை, தலை வாரியதை, வண்டி துடைத்ததை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"எந்தச் சட்ட?" என்றாள் கடைசியில்.

"நீலக் கோடு போட்டது."

"அது ஒங்களுக்கு நல்லாவே இல்ல மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன். அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருங்கள் என்றாள்.

மொபெட்டைப் பிறகு ஓட்டவேயில்லை. ஆனால் வண்டிகளை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் எதில் வந்தாலும், கிளம்பும்போது நான் கீழே குந்திவிடுவேன். ப்ரேக்கை அழுத்திப் பார்ப்பேன், கேபிளைத் தடவிப் பார்ப்பேன், டயரை நசுக்கிப் பார்ப்பேன், ப்ளக்கை எப்போது கழற்றினாய் என்று கேட்பேன். வீட்டில் இது பெரிய பகிடி. "பெரியப்பா செக்கிங் முடிச்சாத்தான் ரோடு தொறக்கும்," என்பான் ராணியின் மகன். அவன் ஓட்டுவது புது ஸ்கூட்டர். அதில் எதைக் கழற்றுவது என்றுகூட எனக்கு இப்போது சரியாகத் தெரியாது. என் பேத்தி ஒருநாள் கொழும்பு ரயில் ஏறும்போது, "தாத்தா, சக்கரத்தப் பாக்கல்லியா?" என்று கேட்டுப் பெட்டி முழுவதையும் சிரிக்கவைத்தாள்.

போன மாதம் ராணி வந்திருந்தாள். திரும்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. மகன் ஸ்கூட்டரைக் கிளப்பி நின்றான். நான் பின்சக்கரத்தடியில் குந்தியிருந்தேன், முழங்கால் வலியோடு.

"அம்மா, பெரியப்பாவ எழும்பச் சொல்லுங்க. மழ வரப்போகுது."

ராணி ஹெல்மெட்டின் வாரை நாடியில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு பாக்கட்டும்டா," என்றாள். "நேரம் இருக்கு."