ஏழு பலாக்கொட்டை

சரக்... சரக்...

பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து சத்தம் வந்தது. பின்னாலேயே வாசம். கண்ணைத் திறந்தால், ஓர் அக்கா மடியில் பேப்பர் விரித்துப் பலாப்பழம் பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு ஒரே வேலை. ராத்திரி டூட்டி முடிந்த கையோடு கடலூரிலிருந்து சிதம்பரம் போய், வெறும் வயிற்றில் ஈரல் ஸ்கேன் எடுக்கணும். உடம்புக்கு முடியலை என்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கொடுத்தால் பகல் ஷிப்டுக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்தருக்கு. நான் கம்பெனி வாட்ச்மேன். பன்னிரண்டு வருஷமா மனுசங்களை டார்ச் வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன்.

அக்கா ஒரு சுளை நீட்டினார். வேண்டாம், ஈரலில் கொழுப்பு என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கேட்டில் உட்கார்ந்து போனில் படித்ததை எங்கே கொட்டுவது?

"ஈரல்ல கீட்டோஹெக்சோகைனேஸ்னு ஒரு என்சைம் இருக்குக்கா."

"பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள புதுச்சத்திரம் வந்துடும் போலிருக்கே."

விளக்கினேன். குளுக்கோஸ் வந்தால் ஈரலில் ஒரு காவல் உண்டு. உள்ளே நிறைந்துவிட்டால் நிறுத்தி வைக்கும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸைக் கவனித்துக்கொள்வது இந்த என்சைம். அதுக்குப் போதும் என்கிற பேச்சே கிடையாது. ரிஜிஸ்டர் இல்லாத வாட்ச்மேன். மிஞ்சினதெல்லாம் கொழுப்பு.

அக்காவுக்குப் பிடிபடவில்லை. செய்தே காட்டிடலாம் என்று ஒரு சுளையை எடுத்தேன்.

"இதுதான் ஃப்ரக்டோஸ். என் வாய்தான் கம்பெனி கேட்டு. வந்துச்சா? உள்ள."

அடுத்தது வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதையும் காட்டினேன். நல்ல கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். முட்லூர் தாண்டும்போது பாடம் முடிந்தது. அக்கா கையை நீட்டினார்.

"கொட்டையக் குடுங்க, கொழம்புக்கு ஆவும்."

என் உள்ளங்கையில் ஏழு இருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை வாய் கொப்பளித்தேன். ஸ்கேன் சென்டரில் ஏதாவது சாப்பிட்டீங்களா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டதும் தலையாட்டி மறுத்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து நிமிரவே இல்லை.

"பலாப்பழ வாசம் வாசல்லியே வந்துடுச்சு சார். நாளைக்கு வாங்க."

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். நாளைக்கு என்றால் முடியாது என்றார். அவருக்கும் என்சைமை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, வழக்கம்போல ராத்திரிக்கே வந்துடுங்க."

வந்த ஏழு பேரையும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட வாட்ச்மேனை, அவர் வேலையில் வைத்திருப்பதே பெரிசு.

சாயங்காலம் டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றினேன். ரிஜிஸ்டரில் புதுப் பக்கம் திருப்பி, ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தேன்.