நான் ஒளித்து வைத்த சத்தியக்கடதாசி

மகளை நியூசிலாந்துக்கு அனுப்புவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்து முடித்தபோது துணிவும் கொஞ்சம் வெளியே போயிருந்தது. ஆகவே முடிவை மனதோடு வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் என் முடிவுகள் எல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஹெக்டர். கொட்டாஞ்சேனை, பொன்ஜீன் வீதியில் மேல்மாடி வீடு. மனைவி மாக்ரெட். ஒரே மகள் ரொஷேல், வயது பத்தொன்பது. பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தாள். மிச்ச இரண்டு வருடத்தை நியூசிலாந்தில் படிக்கலாம் என்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. அவள் போகவிருந்த ஊரை வரைபடத்தில் தேடினேன். உலகத்தின் கீழ்க்கோடியில் இருந்தது. அதற்கும் கீழே கடல், பிறகு பனி, பிறகு வரைபடத்தை அச்சடித்தவரின் பெயர்.

அங்கே அவள் படிக்கப் போவது 'சப்ளை செயின்'. அது என்னவென்று கேட்டேன். ஓரிடத்துச் சாமானை இன்னோரிடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாம். நான் இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். புறக்கோட்டையில் முதலாளி நிலாம் நானாவின் கம்பனியில் வாஃப் கிளாக். கப்பலில் வரும் சரக்குக்குரிய கடதாசிகளில் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. இதைப் படிக்க உலகத்தின் அடிவரை போக வேண்டுமா? எங்கள் வாசலிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

இது நான் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் எங்கள் சாப்பாட்டு மேசை. அதில் மூன்று நாற்காலிகள். மாக்ரெட் கதைப்பாள், ரொஷேல் பதில் சொல்லுவாள், நான் சாப்பிடுவேன். ரொஷேலின் நடு நாற்காலி காலியானால் மாக்ரெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அதற்கு நான் பயிற்சி எடுத்ததே இல்லை. அதோடு, சாயங்காலம் படியில் ரொஷேலின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை நான் தேநீரைத் தொடுவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு ஒரு சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. 'என் மகளின் படிப்புக்கு நானே பொறுப்பு' என்று தகப்பன் சமாதான நீதவானின் முன்னிலையில் சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும். செப்டம்பர் முப்பதுக்கு முன் அது போய்ச் சேராவிட்டால் பெப்ரவரிப் பயணம் இல்லை. ஓகஸ்ட் முதலாந் திகதி மாக்ரெட் அதை அச்சடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன்.

"வாசிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"இதுவரைக்கும் எதை வாசிச்சிட்டு நீங்க கையொப்பம் வச்சனீங்க?" என்று மாக்ரெட் கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஒரு கடதாசியைத் தாமதிக்க அதைத் தொலைக்கத் தேவையில்லை. இன்னொரு கடதாசிக்குக் கீழே வைத்தால் போதும். இது எங்கள் தொழிலின் முதற்பாடம். நான் சத்தியக்கடதாசியை அலுமாரியில், என் கல்யாணக் கோட்டுக்கு அடியில், தண்ணீர் பில்களுக்கு நடுவில் வைத்தேன். மாக்ரெட் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திட்டத்தின் மறுபாதி இன்னும் சிறப்பானது. கல்லூரிக்கு மூன்று மாத விடுமுறை. அந்த மூன்று மாதமும் ரொஷேலை நிலாம் நானாவின் கம்பனியில் வேலைக்கு வைப்பது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை. விசா வேலைக்கு நேரமே இருக்காது. கையில் சம்பளம் விழும். தொழில் பிடித்துப்போகும். நியூசிலாந்து தானாக மறந்துபோகும். இராச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன்.

"உங்கட விருப்பம்" என்றாள் மாக்ரெட்.

இந்த வசனத்தை அவள் இதற்கு முன் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அது கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோது.

அடுத்த நாள் நிலாம் நானாவிடம் விஷயத்தை எடுத்தேன். அரை மணி நேரம் பேசத் தயாராகப் போயிருந்தேன். "நானா, என் மகள்..." என்றதுமே, "திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றுவிட்டார். என் இருபத்தெட்டு வருட உழைப்புக்கு அவர் வைத்திருக்கும் மதிப்பு என்று எண்ணி நெகிழ்ந்துபோனேன்.

ரொஷேல் வந்த இரண்டாவது வாரத்திலேயே கம்பனியின் முகம் மாறியது. எந்தக் கப்பலின் கடதாசி எந்தக் கோப்பில் என்று நிறம் பிரித்து ஒட்டினாள். நான் கையொப்பமிட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சிறிய சிலுவைக்குறி போட்டு வைத்தாள். முன்பு நான் இடத்தைத் தேடித் தேடிக் கையொப்பமிடுவேன். இப்போது சிலுவையைக் கண்டால் கை தானாகப் போனது. ஒரு நாளைக்கு நாற்பது கையொப்பம், பதினைந்து நிமிடம். மிச்ச நேரத்தில் பத்திரிகை படித்தேன்.

"புள்ள நல்ல கெட்டிக்காரி ஹெக்டர்" என்றார் நிலாம் நானா. "ஒங்கட புள்ள தானா எண்டு சின்ன டவுட் ஒண்டு இரிக்கி."

எங்கள் தொழிலிலும் சத்தியக்கடதாசிகள் உண்டு. சரக்குச் சீட்டு தபாலில் காணாமல் போனால், அது காணாமல்தான் போனது என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்காக நாகமணி ஐயா கம்பனிக்கு வருவார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சமாதான நீதவான். நெற்றியில் திருநீறு, பையில் முத்திரை, முத்திரைக்குப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு சின்னப் பைபிள். தொலைந்த சீட்டுகளுக்காக நான் அந்தப் பைபிளைத் தொட்ட அளவுக்குக் கோயிலில்கூடத் தொட்டதில்லை.

செப்டம்பர் பத்தொன்பதாந் திகதி, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரை. அன்று ஐந்து மணிக்குள் ஒரு கொள்கலன் பருப்பை வெளியே எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் விழும். என் ஒரு காதில் தொலைபேசி. மறுமுனையில் துறைமுக உத்தியோகத்தர். அவரிடம் சிங்களத்தில் "அய்யே, அய்யே" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ரொஷேல் ஒரு கட்டுக் கடதாசியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நாகமணி ஐயா வந்து நின்றார். நான் சிலுவை, கையொப்பம், சிலுவை, கையொப்பம் என்று போய்க்கொண்டிருந்தேன். பைபிளை நீட்டினார். இடது கையால் தொட்டேன். அவர் எப்போதும் கேட்காத ஒன்றை அன்று கேட்டார்.

"ஹெக்டர், முழு விருப்பத்தோடதானே கையெழுத்து வைக்கிறீர்?"

"ஓம் ஐயா, ஓம். விருப்பம் இல்லாமலா? கெதியா முத்திரையைக் குத்துங்கோ" என்றேன்.

குத்தினார். பருப்பு நாலே முக்காலுக்கு வெளியே வந்தது. நான் வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனேன்.

செப்டம்பர் முப்பது வந்தது, போனது. அன்று மாலை இரகசியமாக அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சத்தியக்கடதாசி கோட்டுக்கு அடியில் கையொப்பமில்லாமல் பத்திரமாகக் கிடந்தது. எனக்குத் தாய்மீதும் மகள்மீதும் இரக்கமே வந்துவிட்டது. ஏனென்றால் மாக்ரெட் பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளவத்தைக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கினாள். தலையணை உறை தைத்தாள். மிளகாய்த்தூள் வறுத்தாள், நான் நாலு நாள் தும்மினேன். நியூசிலாந்தில் சாப்பாட்டுச் சாமான்களை விமான நிலையத்தில் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள் என்று பயம் காட்டிப் பார்த்தேன். ரொஷேல் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினாள். 'மிளகாய்த்தூள், ஒரு பொதி, வறுத்தது, சொந்தப் பாவனைக்கு.' எதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், எதைக் கொண்டுபோகவே கூடாது என்று நிறம் பிரித்திருந்தாள். மாசிக் கருவாடு கூடாத பக்கத்தில் இருந்தது. என்னைவிட நல்ல வாஃப் கிளாக். பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. போகாத பயணத்துக்கு இவ்வளவு ஒழுங்கா?

தீபாவளி விடுமுறை அன்று காலை, கீழ்வீட்டு வித்யாலட்சுமி கொடுத்தனுப்பிய முறுக்கை நான் கடித்துக்கொண்டிருந்தபோது, ரொஷேலின் கைத்தொலைபேசி 'டிங்' என்றது. அவள் பார்த்தாள். தாயிடம் காட்டினாள். மாக்ரெட் சிலுவை அடையாளம் போட்டாள்.

"டாடி, விசா கிடைச்சிட்டுது."

முறுக்கு பாதியில் நின்றது. நான் எழுந்து அலுமாரிக்கு ஓடினேன். கோட்டைத் தூக்கினேன். தண்ணீர் பில்களைத் தள்ளினேன். கடதாசி இருந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"நான் கையொப்பமே வைக்கேல்லையே. இந்தா, இங்க இருக்கு."

"அது போட்டோகொப்பி" என்றாள் மாக்ரெட். "ஒரிஜினலை யாராவது உங்களிட்டத் தருவாங்களா?"

ரொஷேல் கைத்தொலைபேசியில் ஒரிஜினலின் படத்தைக் காட்டினாள். என் கையொப்பம், வால் நீட்டி, தெளிவாக. பத்தொன்பதாந் திகதி. நாகமணி ஐயாவின் முத்திரை. அதன் அடியில் பென்சில் சிலுவையின் தடம்.

"இது செல்லாது" என்றேன். "எனக்குத் தெரியாது."

"பைபிளைத் தொட்டீங்க" என்றாள் மாக்ரெட் அமைதியாக. "விருப்பமா எண்டு ஐயா கேட்டவர். ஓம் எண்டு ரெண்டு தரம் சொன்னீங்க. அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னதே நான்தான். விருப்பமில்லாம என் புருசன் ஒண்டும் செய்யக்கூடாது, பாருங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நடு நாற்காலியில்.

"சரி, நீங்க சொல்லுங்க" என்றாள் மாக்ரெட். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "இவள் போகக்கூடாது எண்டு இவளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க. நான் மிளகாய்த்தூளை டப்பாவில கொட்டிர்றேன்."

ரொஷேல் என்னைப் பார்த்தாள். படியேறி வரும்போது என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு வாயில் நுரை இல்லை, முறுக்கும் இல்லை. சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, குளிருக்கு அந்த ஒரு கம்பளிச் சட்டை போதுமா என்று கேட்டேன். மகள் வந்து என் தோளில் தலையை வைத்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று பின்னேரம் நான் மூன்று மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். போ என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. போகாதே என்று சொல்லும் துணிவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசியைக் காவல் காத்தே களைத்துப் போயிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து எழுதவைத்துவிட்டார்கள். எழுதியது நல்லதாகவும் இருந்தது.

அடுத்த நாள் நிலாம் நானாவிடம் கோபப்படுவதற்காகவே நேரத்தோடு போனேன். அவர் தேநீர் வரவழைத்தார். ரொஷேலுக்கு வேலை கேட்டு நான் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மாக்ரெட் தொலைபேசியில் கதைத்துவிட்டாளாம். விசாவோடு இணைக்க ஒரு வேலை அனுபவக் கடிதமும் தேவைப்பட்டதாம். என் மனுசனே வந்து கேட்பார், கேட்டதும் உடனே சம்மதியுங்கள் என்று சொல்லி வைத்திருந்தாளாம்.

"கேக்காட்டி என்ன செய்றதெண்டு நான் கேட்டன்" என்றார் நிலாம் நானா. "கேப்பார், அவர் யோசிக்கிறது அவருக்கு முந்தி எனக்குத் தெரியும் எண்டு சொன்னாங்க."

தேநீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பெப்ரவரியில் ரொஷேல் புறப்பட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் நான் அழவில்லை. காற்றில் தூசி அதிகம். அங்கே இறங்கியதும் படம் அனுப்பினாள். மிளகாய்த்தூளை அறிவித்தாளாம், உத்தியோகத்தர் பட்டியலைப் பார்த்துச் சிரித்து விட்டுவிட்டாராம். அந்த ஊருக்குக் கீழே உண்மையாகவே கடல்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அவள் சேர்ந்த செய்தி வந்த மறுநாள் காலை, பயந்த நேரம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு மேசைக்கு வந்தேன். வெறிச்சென்ற வீடு, இரண்டு கோப்பை, மௌனம். ஆனால் மாக்ரெட் மேசையில் இல்லை. நீலச் சேலை உடுத்து, கைப்பையோடு வாசலில் நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவள் புறக்கோட்டையில் தட்டெழுத்தாளராக இருந்தவள். அந்தப் பழைய சேலையை நான் மறந்திருந்தேன்.

எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"வேலைக்கு. ரொஷேல்ட கதிரை சும்மா கிடக்குதாம். நிலாம் நானா தைப்பொங்கலுக்கே கேட்டிட்டார். இனிக் கோப்பெல்லாம் என் மேசையால வந்துதான் உங்களிட்ட வரும். வாங்க, பஸ் போயிரும்."

வீடு வெறிச்சோடவே இல்லை. பஸ்ஸில் கதைக்கிறாள், மேசைக்கு மேசை கதைக்கிறாள், வீட்டுக்கு வந்தும் கம்பனிக் கதை முடிவதில்லை. பதில் சொல்ல நானும் கொஞ்சம் பழகிவிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். இருபத்தாறு வருடமாகச் சும்மா என்னை மேய்த்தவள், இப்போது அதே வேலைக்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறாள்.