திண்டிவனத்து மசால்வடைப் போர்

வாழ்க அறிவுச்செல்வன்! விழுப்புரம் பெற்றெடுத்த வீரத் திருமகன், பார்சல் மூட்டைகளுக்குச் சீட்டெழுதிச் சிவந்த கரத்தினன், மதியச் சோற்றுத் தூக்கை வீட்டுப்படியிலேயே மறந்துவிட்டுப் பஸ் ஏறிய பெருந்தகை, வாழ்க! அவன் வெறும் வயிற்றோடு புரிந்த அறப்போரைப் பாடப் புகுகிறேன். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியே, என் நாவுக்குத் துணையிரு.

போர்க்களம் திண்டிவனம் புறவழிச்சாலையோரத்துப் பார்சல் அலுவலகம். விழுப்புரம் கிளையின் கூரை ஒழுகத் தொடங்கியதால், அங்கிருந்தவர்கள் மேசை நாற்காலிகளோடு திண்டிவனம் கிளைக்குள் வந்து இறங்கியிருந்தனர். அதனால் ஓர் அறைக்கு இரண்டு மேனேஜர்கள் வாய்த்தனர்.

முதலாமவர் விழுப்புரத்துப் பாண்டுரங்கன். ஆணையே அணிகலனாய்ப் பூண்ட அவ்வேந்தர் சொல்லாமல் அங்கே ஒரு ஃபேன்கூடச் சுழலாது. சொந்த மூளையைப் பயன்படுத்தி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர் என்பதால், அவருடைய ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலொழிய அசைவதில்லை. மற்றவர் திண்டிவனத்துக் கலைமதி. ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று எதற்கும் எல்லாரையும் கலந்து பேசும் கருணைக்கடல். ஜன்னலைச் சாத்தலாமா என்று அவர் வாக்கெடுப்பு நடத்தி முடிப்பதற்குள் சாரலடித்து ஓய்ந்த வரலாறும் உண்டு. முன்னவரிடம் பயமிருந்தது, பின்னவரிடம் மரியாதை இருந்தது. இரண்டுமே பசிக்கு உதவாது என்பதை நம் வீரன் அன்றுதான் கண்டான்.

சாலைக்கு எதிர்ப்புறம் சவுரியம்மாளின் டீக்கடை. மாலையில் அந்த அம்மையார் போடுவது ஒரே ஈடு மசால்வடை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். சோம்பும் வெங்காயமும் கலந்த அந்த மணம் முரசறையாமல் படை நடத்தி ஜன்னல் வழியே புகுந்து, காலையில் குடித்த கேப்பைக்கூழோடு நின்றுபோன அறிவுச்செல்வனின் வயிற்றை முற்றுகையிட்டது. பாவம், அவன் துடித்துப்போனான்.

"சார், வடை போட்டுட்டாங்க. ஜல்தியா போனா கெடைக்கும்."

பாண்டுரங்கன் எழுந்து நின்றார். "எல்லாருக்கும் டீ, ஆளுக்கொரு வடை. நான் சொன்னா சொன்னதுதான்" என்று முழங்கினார். யார் போவது என்று மட்டும் திருவாய் மலரவில்லை. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வர, அவர் அதில் மூழ்கினார். பெயர் கூப்பிடப்படாத படையோ தூண்களைப்போல் உட்கார்ந்திருந்தது.

கலைமதி கனிவோடு குறுக்கிட்டார். "அவங்கவங்களுக்குப் புடிச்சத வாங்குனாதான் நல்லா இருக்கும். வாட்ஸ்அப் குரூப்ல கேட்டிருக்கேன், வடையா போண்டாவான்னு ஓட்டு போட்டுடுங்க."

வடை முந்தியது. அந்தோ! லீவு போட்டுக் கண்டமங்கலத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த அஸ்வினி, இலையில் பாயசம் ஓட, அங்கிருந்தபடியே போண்டாவுக்கு ஓட்டுப் போட்டாள். சமநிலை ஆயிற்று. அறிவுச்செல்வனுக்கு வந்த கோபத்தை எழுத என் ஏட்டில் இடமில்லை.

"சரி, ரெண்டு பக்கமும் உக்காந்து பேசிடலாம்" என்றார் கலைமதி.

அந்நேரம் எதிர்க்கடை முன் ஒரு கரும்பு லாரி வந்து நிற்க, அதிலிருந்து குதித்தவர்கள் ஆளுக்கு இரண்டாக அள்ள, தாம்பாளத்தில் குன்றென நின்ற வடைக்குவியல் கண்ணெதிரே கரையக் கண்ட அவ்வேங்கை, ஆணையும் பெறாமல், ஓட்டும் எண்ணாமல், எவரிடமும் ஒரு சொல்லும் உரைக்காமல், கோப்பைகளோடு கவிழ்த்து வைத்திருந்த ஆபீஸ் டீத்தூக்கை எடுத்துக்கொண்டு, ஹாரன் அலறிய இரண்டு பஸ்களுக்கும் ஒரு டிராக்டருக்கும் அஞ்சாது நெடுஞ்சாலையைக் கடந்து பாய்ந்தது.

"இன்னாப்பா, இப்பிடி ஓடியாற? எவ்ளோ வோணும்?" என்றார் சவுரியம்மாள்.

"இருக்கறதெல்லாம் கட்டிக் குடும்மா. தூக்குல டீயும் ஊத்து."

வென்றான்! எண்ணெய் ஊறிய செய்தித்தாள் பொட்டலத்தை மார்போடு அணைத்து அவன் உள்ளே நுழைந்தபோது, பேச்சுவார்த்தை அப்படியே நின்றது. போண்டாவுக்கு வாக்களித்தோரும் வடையைக் கடித்தனர். தன் பங்கின் மொறுமொறுத்த ஓரத்தைக் கடித்த கணத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் சொன்னேன், நடந்துச்சு பாத்தீங்களா" என்றார் பாண்டுரங்கன், மென்றுகொண்டே.

"எல்லாரும் கலந்து பேசினதாலதான் சார் ஒரு முடிவுக்கு வந்தோம்" என்றார் கலைமதி.

பின்பு இருபெரு வேந்தரும் ஒருவரையொருவர் நோக்கினர். இருவர் பார்வையும் ஒருங்கே திரும்பி நம் வெற்றித் திருமகன்மேல் நிலைத்தது. கூரை ஒழுகிய நாள்முதல் ஒன்றிலும் ஒத்துப்போகாத அவ்விருவரும், ஆணையும் வாக்கெடுப்பும் வேண்டாமலே, அன்றுதான் முதன்முதலாக ஒருமனதாக ஒரு முடிவெடுத்தனர்.

மறுநாளிலிருந்து ஆபீசுக்கு டீ வாங்கி வருவது அறிவுச்செல்வனின் வேலை ஆகிவிட்டது.